பூட்டை இழுத்துப் பார்க்கிற வயது

திண்டுக்கல்லில் பிறந்து, திண்டுக்கல்லிலேயே உத்தியோகம் பார்த்து, திண்டுக்கல்லிலேயே ஓய்வும் பெற்ற ஒருவன், வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரையில் போய், அங்கிருந்து மனம் கேளாமல் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறான் என்றால், அது அவனுக்கு மட்டுமல்ல, அவன் பிறந்த ஊருக்கே இழுக்கு. மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள பட்டறைகளிலும், நல்லாம்பட்டி முதலிய கிராமங்களிலும், அரத்தையும் சுத்தியலையும் கைப்பழக்கத்தையும் மாத்திரம் நம்பிச் செய்யப்பட்டு, 2019-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட பூட்டு அல்லவா அது! என் வீட்டு வாசலில் தொங்குவது என் தகப்பனார் வாங்கிய மாங்காய்ப் பூட்டு. அவர் காலமாகி 30 வருஷங்களுக்கு மேலாகியும், சாவியைத் திருப்பும்போது அதன் வயிற்றுக்குள்ளிருந்து எழுகிற அந்தக் கனத்த ஓசை மாறவில்லை. மாறியிருப்பது, அந்த ஓசையைக் கேட்டோமா இல்லையா என்று இரண்டு நிமிஷம் நினைவில் வைத்திருக்க வேண்டிய என் புத்திதான்.

65 வயதில் இப்படி ஒரு வியாதி வரும் என்று எந்த வைத்தியரும் எனக்கு எச்சரிக்கை செய்ததில்லை. சென்ற மாதம் ஒரு நாள் காலையில் சிறுமலைக்குப் போவதற்காக நானும் என் மனைவியும் புறப்பட்டபோது, மூன்றாவது தடவையாக நான் பூட்டைப் பிடித்து இழுத்ததைத் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவள், "பூட்டு பூட்டித்தான் இருக்குங்க; நீங்கதான் தெறந்து கெடக்கீங்க" என்றாள். பக்கத்து வீட்டு அம்மாள் திண்ணையிலிருந்து சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். பரிகாசத்துக்கு ஆளாகும்போது உடன் சிரித்துவிடுவது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பதும் இந்த வயதில்தான் தெரிய வருகிறது.

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் சிறுமலை எந்நாளும் கண்ணுக்குத் தெரியும். ஆனாலும், நாள்தோறும் கண்ணில் படுகிற பொருளிடத்தில் மனிதனுக்கு ஏற்படுகிற அலட்சியத்தால், 25 கிலோமீட்டர் தொலைவிலிருக்கும் அந்த மலைக்கு நான் போய் ஏழெட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. நத்தம் சாலையில் போய், பிரிவில் திரும்பி, 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த காலத்தில், வாழைத்தார் சுமந்து இறங்கும் குதிரைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, ஒற்றையடிப் பாதையில் நடந்தே ஏறியிருக்கிறேன். நாற்பது வயதில் மோட்டார் சைக்கிளில் ஏறி, எந்த வளைவிலும் காலை ஊன்றவில்லை என்று காரியாலயத்தில் ஒரு வாரம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதோ பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, நாலாவது வளைவு வருவதற்குள் மனைவி மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போனேன். எனக்குத் தலை சுற்றப்போகிறது என்று எனக்கு முன்னால் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. 38 வருஷ தாம்பத்தியத்தில் இவ்விதமான கேள்விகள் ஒவ்வொன்றாக அவசியமற்றுப் போய்விடுகின்றன.

மலைமேல், பழையூருக்கு அப்பால் தோட்டம் வைத்திருக்கிற என் சிநேகிதர், ஹைஸ்கூலில் என்னோடு ஒரே பெஞ்சியில் உட்கார்ந்தவர். நான் குமாஸ்தா உத்தியோகத்தைத் தேடிப் போனபோது, அவர் தகப்பனாருடைய காப்பிச் செடிகளையும் மிளகுக் கொடிகளையும் வாழையையும் தேடி மலைக்கே திரும்பிவிட்டார். அனுமார் சஞ்சீவி பர்வதத்தைத் தூக்கிக்கொண்டு ஆகாய மார்க்கமாகப் போகையில் உதிர்ந்து விழுந்த துண்டுதான் சிறுமலை என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆகையால், மறதிக்கு இந்த மலையில் ஏதேனும் மூலிகை உண்டா என்று அவரைக் கேட்டேன். "வல்லாரை இருக்குய்யா, பறிச்சு ஒனக்குன்னு காயவச்சேன். எங்க வச்சேன்னுதான் ஞாபகம் இல்ல" என்றார்.

அவரிடம் ஒரு காலத்தில் மூன்று குதிரைகள் இருந்தன. இப்போது இருப்பது ஒன்று. ஜீப் போகிற இடத்துக்கெல்லாம் ஜீப் போய்விடுகிறது. பாதையில்லாத சரிவுகளுக்கு இன்னமும் குதிரைதான் போக வேண்டும். சமவெளியில் மாட்டுக்குச் செய்கிற மரியாதையைப் பொங்கல் நாளில் இங்கே குதிரைக்குச் செய்வார்கள். வாலிப வயதிலே, அதிகாலையில் தார்களை ஏற்றிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் இறங்குகையில், முன்னே போகும் குதிரையின் வால்கூடத் தமக்குத் தெரியாது என்றும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் குளம்புச் சத்தத்தின் பின்னாலேயே போய்விடுவார் என்றும் சொல்லிவிட்டு, "வழி எனக்குத் தெரியும்னு ஊர்ல நெனச்சுக்கிட்டிருந்தாங்க, குதிரைக்குத்தான் தெரியும்" என்று சிரித்தார். இப்போது அவருக்குக் கண்ணில் புரை. தோட்டத்துச் சரிவில் எங்களை அழைத்துப் போகையில் பேரன் முன்னே நடந்தான். அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, வெகு கால அப்பியாசம் உள்ளவரைப் போல, அவர் பின்னே நடந்தார்.

சிறுமலை வாழையைப் பற்றி நான் சொல்லித் தமிழர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. இந்த மலைவாழையையும் இதற்குச் சகோதரம் போன்ற விருப்பாட்சி வாழையையும் கொண்டுதான், ஒரு சொட்டு நீரும் சேர்க்காமல், பழனியில் பஞ்சாமிர்தம் செய்து வந்தார்கள். ஈரப்பசை குறைந்த சதையாதலால், தோல் கறுத்துச் சுருங்கிய பிறகும் உள்ளே இனிப்புக் கெடுவதில்லை. திண்டுக்கல்லில் சிறுமலைச் செட் என்று வழங்குகிற சந்தையில், கறுத்த தோலைக் கண்டு பழத்தைத் தள்ளிவிட்டுப் போகிறவன் வெளியூர்க்காரன் என்று சட்டென்று தெரிந்துகொள்வார்கள். தமிழன் வம்சவிருத்திக்கு எடுத்துக்காட்டாக வாழையைச் சொன்னதில் வியப்பில்லை. ஒரு மரம் ஒரே ஒரு தார் ஈன்று விழுகிறது. அதன் அடியிலிருந்தே பக்கக்கன்று எழுந்து, அதே தூரில் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது.

ஆனால், கலியாண வீட்டு வாழ்த்துகளில் சொல்லாமல் விடுகிற ஒரு விஷயத்தை என் சிநேகிதர் சொன்னார். 1970-களில் முடிக்கொத்து நோய் என்ற ஒரு வைரஸ் வியாதி வந்து, இந்த மலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் வாழைத் தோட்டங்களை நாசமாக்கிற்று. இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாகக் குவிந்து, மரம் தார் ஈனாமலே நின்றுவிடும். அசுவினிப் பூச்சி அந்நோயை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோனது ஒரு புறமிருக்க, கன்றின் வழியாகவும் அது பரவிற்று. தாய் மரத்தில் நோய் இருப்பதை அறியாமல் கன்றைப் பெயர்த்து நட்டவர்கள், இனிப்பை நடுவதாக எண்ணி நோயையும் சேர்த்து நட்டார்கள். திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகளை உண்டாக்கிக் கொடுத்த பிற்பாடுதான் தோட்டங்கள் ஓரளவு தலையெடுத்தன. அதைக் கேட்டுக்கொண்டிருக்கையில், என் தகப்பனாரிடமிருந்து எனக்கு வந்த முன்கோபத்தையும், அதை என்னிடமிருந்து கற்றுக்கொண்டு, தன் குழந்தையிடம் குரலை உயர்த்திவிட்டு, அதே நொடியில் என் முகத்தைத் திரும்பிப் பார்த்த என் மகனையும் நினைத்துக்கொண்டேன். மாங்காய்ப் பூட்டு ஒன்றைத்தான் பிதிரார்ஜிதம் என்று இத்தனை காலம் எண்ணியிருந்தேன்.

ரோமாபுரியின் சிஸரோ, கி.மு. 44-ஆம் ஆண்டில், ஏறக்குறைய என் வயதில், முதுமையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 84 வயதான கேட்டோ என்பவரைப் பேசவைத்து, கிழப் பருவத்துக்கு ஏற்ற இன்பங்களில் விவசாயத்தை வெகுவாகப் புகழ்கிறார். நூல் எழுதிய மறு வருஷமே அவர் கொலையுண்டதால், முதுமையை அவர் முழுவதும் அனுபவித்துப் பார்க்க நேரவில்லை. கேட்டோவுக்கு ஞாபகசக்தி குன்றவில்லை, குரல் குன்றவில்லை, எவர் உதவியும் வேண்டியிருக்கவில்லை. வாசிக்கிறவனுக்கு மரியாதை உண்டாகிறதே ஒழிய ஆறுதல் உண்டாவதில்லை. குதிரையின் காலை நம்பி இறங்கியவரும், பேரனின் தோளைப் பிடித்து ஏறுகிறவருமான என் சிநேகிதரிடத்தில்தான் எனக்கு அது கிடைத்தது. நம் காலையும் கண்ணையும் ஞாபகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிறர் பொறுப்பில் விட்டுவிடுவதைத் தோல்வி என்று நாம் நினைத்துக் கலங்குகிறோம். அவரோ, நல்ல தேகபலம் இருந்த காலத்திலேயே அதைப் பழகிவைத்திருந்தவர்.

அந்தி மயங்குகையில் ஒரு சீப்புப் பழத்தோடு நாங்கள் மலையிறங்கி வீடு வந்து சேர்ந்தோம். மாங்காய்ப் பூட்டு காலையில் தொங்கினபடியே தொங்கிற்று. அதை ஒரு தடவை வெற்றியோடு இழுத்துப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து உள்ளே போனால், அடுப்படியில் விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் கொல்லைப்புறத்து வழியாக வந்து, முக்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. முன்வாசலுக்கு மூணு தடவ காவலு. கொல்லக்கதவு காலையிலருந்து பப்பரப்பான்னு தெறந்து கெடந்துச்சு. பூனை ரெண்டு தடவ வந்துச்சு; பாலைக் காய்ச்சி மூடி வச்சிருக்கேன்" என்றாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். கொல்லைக் கதவைத் தாழிட வேண்டியவள் அவள்தான். ஆனால், அதைச் சொல்லிக்காட்டுகிற வயதை நான் மலையிலோ வழியிலோ எங்கேயோ விட்டுவிட்டு வந்திருந்தேன். சீப்பை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை அந்த அம்மாளிடம் கொடுத்தேன். தோல் கறுத்த பிறகு சாப்பிட வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளும் திண்டுக்கல்காரி என்பது ஞாபகத்துக்கு வந்ததால் நிறுத்திக்கொண்டேன்.