குழு ஒன்று, குரல் மூன்று

கருநாடக இசையைப் பற்றியும் திரையிசையைப் பற்றியும் எழுத நம் மன்றத்தில் பலர் உண்டு. இரைச்சல் என்று எல்லாரும் காதைப் பொத்திக்கொள்ளும் ஹெவி மெட்டல் இசையைப் பற்றி எழுத ஒருவரும் முன்வரவில்லை. ஆகவே நான் துணிந்தேன். அயர்ன் மெய்டன் என்னும் ஆங்கிலேயக் குழுவுக்குச் சிறுவயது முதல் நான் அடிமை. அக்குழுவில் பாடகர் மாறியதால் எழுந்த வழக்கு ஒன்று இரசிகர்களிடையே இன்னும் ஓயவில்லை. அந்த வழக்கில் நானும் பொய்ச்சாட்சி சொன்னவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2008ஆம் ஆண்டு பிப்ரவரி 1, வெள்ளிக்கிழமை. பாந்திரா குர்லா வளாகத்தில் அயர்ன் மெய்டனின் நிகழ்ச்சி. முந்திய ஆண்டு மார்ச்சில் பெங்களூருக்கு வந்து போனவர்கள், இம்முறை தங்கள் உலகப் பயணத்தையே மும்பையில் தொடங்கினார்கள். ஆட்களையும் கருவிகளையும் சுமந்துவந்த போயிங் 757 விமானத்தை ஓட்டியவர் குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன். ஆம், அவர் விமானியுங்கூட!

அந்த வளாகத்துக்கும் எங்கள் தாராவிக்கும் இடையே மித்தி ஆறு ஒன்றுதான். நுழைவுச்சீட்டு வாங்க எங்கள் வீட்டில் ஏது வழி? தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்த என் அண்ணன், பத்து வயதுச் சிறுவனான என்னையும் அழைத்துக்கொண்டு ஆற்றோரம் போய் நின்றார். காற்று எங்கள் பக்கம் வீசினால் பாட்டு வந்தது. திரும்பினால் லாரிகளின் ஓசைதான். அண்ணன் ஏதோ ஒரு பாட்டுக்காகக் காத்திருந்தார். கடைசிவரை அது வரவில்லை. “பிளேஸ் பாட்டு ஒண்ணுகூடப் பாடலையேடா” என்றார் திரும்பி வரும்போது.

யார் அந்தப் பிளேஸ்? அதற்குக் குழுவின் கதையைச் சொல்லவேண்டும்.

1975இல் கிழக்கு இலண்டனில் இக்குழுவைத் தோற்றுவித்தவர் பேஸ் கித்தார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ். பாடல்களில் பெரும்பாலானவை அவர் கைவண்ணம். நம் பழைய நாடகக் கம்பெனி முதலாளிகளைப் போன்றவர் எனலாம். நடிகர் வருவார், போவார், கம்பெனி நிற்கும். இசைத்தட்டு வெளியான காலத்தின் முதற் பாடகர் பால் டி’யானோ. முரட்டுக் குரல், தெருச் சண்டையின் வேகம். 1980இல் வந்த முதல் தட்டும், 1981இல் வந்த ‘கில்லர்ஸ்’ தட்டும் அவருடையவை. போதைப் பழக்கம் அவரை மேடையிலிருந்து இறக்கிற்று. 2024 அக்டோபரில் தம் 66ஆம் வயதில் அவர் மறைந்தபோது, பழம் இரசிகர்கள் அந்த இரண்டு தட்டுகளையே மீண்டும் மீண்டும் சுழலவிட்டார்கள்.

அடுத்து வந்தவர் டிக்கின்சன். தார ஸ்தாயியில் தயக்கமின்றி உலவும் குரல். 1982இல் ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 1984இல் வந்த ‘பவர்ஸ்லேவ்’ தட்டில், கோல்ரிட்ஜ் எழுதிய கிழ மாலுமியின் கதையைப் பதின்மூன்று நிமிடப் பாடலாக்கினார் ஹாரிஸ். ஆங்கில இலக்கியம் படிக்கும் நண்பர்கள் தேர்வுக்கு முதல்நாள் அதைக் கேட்கலாம்; உரைநூலைவிட நன்றாக மனத்தில் பதியும்! இந்தக் காலத்துத் தட்டுகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. அவற்றின் புகழை உலகமறியும்.

1993இல் டிக்கின்சன் விலகினார். அவ்விடத்துக்கு வந்தவர்தாம் பிளேஸ் பெய்லி. கனத்த, தாழ்ந்த குரல். 1995இல் ‘தி எக்ஸ் ஃபேக்டர்’, 1998இல் ‘வர்ச்சுவல் லெவன்’. முன்னது பிரிட்டனில் 8ஆம் இடத்தோடும் பின்னது 16ஆம் இடத்தோடும் நின்றன. மேடையில் பழைய பாடல்களைப் பாடும்போது பெய்லி திணறினார். 1999இல் அவர் விலக்கப்பட, டிக்கின்சன் திரும்பினார். “பெய்லி குழுவைக் கெடுத்தார்” என்பதே இரசிகர் மன்றங்களின் தீர்ப்பாயிற்று.

செம்பூரில் நடைபாதைக் கடை ஒன்றில் அண்ணன் வாங்கிய முதல் ஒலிநாடா ‘தி எக்ஸ் ஃபேக்டர்’. நெடுங்காலம் அவரிடம் இருந்ததும் அது ஒன்றுதான். அவருக்கு அயர்ன் மெய்டன் என்றாலே பெய்லிதான். நானோ கல்லூரிக்குப் போனேன். கற்றறிந்த இரசிகர் கூட்டத்தில் சேர்ந்தேன். ஒருநாள் அண்ணனிடம், “உனக்கு இசை தெரியாது. மலிவாகக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டாய்” என்று சொல்லிவிட்டேன். என் கல்லூரிக் கட்டணம் அவர் தைத்த பைகளிலிருந்து வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. அதன்பின் நான் வீட்டிலிருக்கும்போது அந்த ஒலிநாடா பாடியதில்லை.

என் கண்ணைத் திறந்தவர் மாட்டுங்காவில் பாட்டுச் சொல்லித்தரும் ஓர் அம்மையார்; என் வகுப்புத் தோழனின் அத்தை. ‘ஹாலோட் பி தை நேம்’ என்னும் பழைய பாடலை டிக்கின்சன் பாடியதையும் பெய்லி மேடையில் பாடியதையும் விளையாட்டாக அவருக்குப் போட்டுக் காட்டினோம். இரண்டையும் முகம் சுளிக்காமல் கேட்டார். “இந்த ரெண்டாமவர் குரல்ல குறையே இல்லை. சுருதிதான் அவரோடது இல்லை. வாத்தியக்காரா ஏன் இறக்கிக்கலை?” என்றார்.

எங்களிடம் விடை இல்லை. பிறகுதான் சிந்தித்தேன். சண்முகானந்தா அரங்கில் ஒருவர் 1 கட்டையில் பாடினால் தம்புராவும் வயலினும் அதற்கு இணங்கும். மறுநாள் 5 கட்டையில் ஓர் அம்மையார் பாடினால் எல்லாம் அங்கே ஏறும். மிருதங்கமே வேறு வரும். நம் மேடையில் சுருதி பாடுகிறவரின் சொத்து. கித்தார்க் குழுவில் அப்படியன்று. கித்தாரின் தடித்த தந்தி நம் கணக்கில் 3 கட்டை. ஹாரிஸின் பாடல்கள் பல, அந்தத் தந்தியை விரல் வைக்காமல் ஒலிக்கவிட்டு அதன்மேல் எழுப்பப்பட்டவை. சுருதியை இறக்கவேண்டுமானால் தந்திகளைத் தளர்த்தவேண்டும். தளர்த்தியவர்கள் இல்லாமலில்லை. தொழிற்சாலை விபத்தில் விரல் நுனிகளை இழந்த பிளாக் சபத் குழுவின் டோனி அயோமி, 1971இல் தந்திகளைத் தளர்த்தியே புதியதொரு கனத்த ஓசையைக் கண்டார். ஒருவர் விரலுக்குச் செய்ததை இன்னொருவர் குரலுக்குச் செய்யலாகாதா? அயர்ன் மெய்டன் செய்யவில்லை. டிக்கின்சனின் உயரத்தில் தைத்த சட்டையைப் பெய்லிக்கு மாட்டிவிட்டு, பொருந்தவில்லை என்று அவரையே குறை சொன்னோம்.

தமக்கென எழுதிய பாடல்களில் அவர் எப்படி இருக்கிறார்? ‘தி எக்ஸ் ஃபேக்டர்’ தட்டின் முதற் பாடலான ‘சைன் ஆஃப் தி கிராஸ்’ பதினொரு நிமிடம். ஹாரிஸின் மணவாழ்வு முறிந்திருந்த காலம் அது. தட்டு முழுவதும் இருள். அந்த இருளுக்குத் தாழ்ந்த குரலே தகும். ‘வர்ச்சுவல் லெவன்’ தட்டுக்கு நான் வாதாட மாட்டேன். அதில் ஒரு பாட்டில் ஒரே பல்லவியைச் சலிக்கச் சலிக்கத் திருப்பித் திருப்பிப் பாடுகிறார்கள். ஆனால் அது எழுதியவர் குற்றம், பாடியவர் குற்றமன்று. அதே தட்டிலுள்ள ‘தி கிளான்ஸ்மேன்’ பாடலையும் ‘சைன் ஆஃப் தி கிராஸ்’ பாடலையும் 2001இல் ரியோ நகர மேடையில் டிக்கின்சனே பாடினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. 2018இல் தொடங்கிய பயணத்திலும் அவ்விரண்டும் இடம்பெற்றன. கெட்டுப்போன காலத்துப் பாட்டுகளை ஏன் பாடவேண்டும்?

சென்ற மாதம் அண்ணனிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். பை தைத்துக்கொண்டே கேட்டார். “சுருதி கிருதியெல்லாம் எனக்குத் தெரியாது. அவன் நம்ம பேசுற மாதிரி பாடுவான்” என்றார். பிறகு பரண்மேலிருந்து அந்த ஒலிநாடாவை எடுத்துத் துடைத்தார். ஓட்டிப் பார்க்கத்தான் முடியவில்லை. டேப்ரிக்கார்டரின் பெல்ட் அறுந்து கிடக்கிறது. அதைப் பழுது பார்ப்பவர் தாராவியிலோ செம்பூரிலோ இருந்தால், நண்பர்கள் மன்ற அறையில் சொல்லிவைக்க வேண்டுகிறேன்.