புளிப்பில் நிற்கும் கேக்

டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். பிளாக் ஃபாரஸ்ட் கேக்கை வீட்டில் செய்வது எப்படி என்று கேட்டால் எல்லோரும் சாக்லேட்டில்தான் தொடங்குவார்கள். நான் செர்ரியில் தொடங்குகிறேன். இந்தக் கேக் நிற்பதும் விழுவதும் அந்தப் பழத்தில்தான்.

நம் ஊர் பேக்கரிகளில் பிறந்தநாள் என்றால் பாதிப் பேர் கேட்பது இதைத்தான். வெள்ளை க்ரீம், மேலே சாக்லேட் சீவல், சுற்றிலும் பளிச்சென்ற சிவப்பில் ஏழெட்டு செர்ரிகள். அந்தச் சிவப்புப் பழம் பெரும்பாலும் செர்ரியே இல்லை, களாக்காய். வேலியோரத்தில் முள்ளோடு வளருமே, அதே களாச்செடியின் காயை விதை நீக்கி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சாயம் ஏற்றி, செர்ரி என்று விற்கிறார்கள். களாக்காயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஊறுகாய்க்கு அதைப்போல் புளிப்பான காய் கிடைப்பது அபூர்வம். ஆனால் பாகில் ஊறியதும் அதன் புளிப்பு முழுக்கப் போய்விடுகிறது, மிஞ்சுவது சிவப்பும் இனிப்பும்தான். இந்தக் கேக்குக்கு வேண்டியதோ அந்தப் புளிப்புதான்.

ஏன் என்று தெரிய, இது பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஷ்வார்ட்ஸ்வால்ட் என்ற மலைக்காடு இருக்கிறது. அந்தப் பக்கத்துச் சரிவுகளில் செர்ரி மரங்கள் நிறைய. பழத்தைப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடித்து, கிர்ஷ்வாஸர் என்ற நிறமில்லாத சாராயம் செய்வார்கள். வேகவைத்த செர்ரியும் பால் க்ரீமும், சிலசமயம் ஒரு சொட்டு கிர்ஷ்வாஸரும் சேர்த்துச் சாப்பிடுவது அங்கே கேக்குக்கு முந்தைய வழக்கம். சாக்லேட் பிறகு வந்து சேர்ந்தது.

கேக்கை யார் முதலில் செய்தார் என்பதில் இன்னும் தகராறுதான். யோசஃப் கெல்லர் என்ற இனிப்புக் கலைஞர், 1915-ல் பாட் கோடெஸ்பெர்க்கில் ஒரு காபிக் கடையில் வேலை பார்த்தபோது தான்தான் செய்ததாகச் சொல்லிவந்தார். ரைன் நதிக்கரையில் இருக்கும் அந்த ஊர் இப்போது பான் நகரின் ஒரு பகுதி. ஷ்வார்ட்ஸ்வால்டுக்கும் அதற்கும் வெகு தூரம். டியூபிங்கன் நகரத்துக்காரர்கள், 1930-ல் எங்கள் ஊர் எர்வின் ஹில்டன்பிராண்ட் செய்தது என்கிறார்கள். இந்தக் கேக்கின் பெயர் அச்சில் வருவது 1934-ல். கெல்லர் சொன்ன 1915 முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு. க்ரீமும் சர்க்கரையும் தட்டுப்பாடாக இருந்த காலம். அதனால் அந்தத் தேதியை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

அங்கே இந்தப் பெயரில் கேக் விற்க எழுதிவைத்த வரையறையே இருக்கிறது. கிர்ஷ்வாஸரின் சுவை நாக்குக்குத் தெரிய வேண்டும்; கறுப்பு அடுக்கில் குறைந்தது 3 சதவீதம் கோகோ இருக்க வேண்டும். போடுகிற செர்ரி புளிப்பு ரகம், க்ரீமில் சர்க்கரை மிகக் குறைவு, சாக்லேட்டில் கசப்பு. ஒரு வாய் எடுத்தால் முதலில் க்ரீமின் குளிர்ச்சி, அடுத்து கோகோவின் கசப்பு, பிறகு செர்ரி வந்து வெட்டுகிற புளிப்பு. இரண்டாவது துண்டு கேட்க வைப்பது அந்தப் புளிப்புதான். எல்லா அடுக்கிலும் சர்க்கரையைக் கொட்டிவிட்டால் பாதித் துண்டிலேயே திகட்டிவிடும்.

ஆக, முதலில் செர்ரி. காஷ்மீரிலிருந்தும் இமாசலத்திலிருந்தும் மே, ஜூன் மாதங்களில் நமக்கு வருவது பெரும்பாலும் இனிப்பு ரகம். பரவாயில்லை, புளிப்பை எலுமிச்சை கொடுக்கும். பெரிய கடைகளில் கண்ணாடிப் பாட்டிலில் புளிப்புச் செர்ரி கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் சாற்றைக் கீழே ஊற்றிவிடாதீர்கள். புதுப் பழமென்றால் 400 கிராம் வாங்குங்கள். கொட்டை எடுக்கத் தனிக் கருவி வேண்டாம். காலி சோடா பாட்டிலின் வாயில் காம்பு நீக்கிய பழத்தை உட்காரவைத்து, மழுங்கிய குச்சியால் மேலிருந்து அழுத்தினால் கொட்டை ‘டக்’கென்று பாட்டிலுக்குள் விழும். சாறும் அதற்குள்ளேயே சேரும், சட்டையில் தெறிக்காது. கொட்டையை இடித்து வாசனைக்குச் சேர்க்கிற வேலை மட்டும் வேண்டாம். அதன் பருப்பில் நஞ்சாக மாறும் பொருள் இருக்கிறது.

ஒரு பாத்திரத்தில் 200 மில்லி செர்ரிச் சாறு, இல்லையென்றால் அதே அளவு தண்ணீரில் ஒரு கைப்பிடி பழத்தை நசுக்கி வேகவைத்து வடிகட்டிய சாறு, 40 கிராம் சர்க்கரை, சின்னத் துண்டு பட்டை. சூடேறட்டும். 20 கிராம் கார்ன்ஃப்ளாரை இரண்டு மூன்று கரண்டி குளிர்ந்த சாற்றில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, கைவிடாமல் கிளறுங்கள். கெட்டியானதும் இறக்கிவிடத் தோன்றும், இறக்காதீர்கள். நடுவில் கொப்புளம் வெடித்து வரும்வரை ஒரு நிமிடம் கொதித்தால்தான் மாவின் பச்சை வாசம் போகும், கலங்கல் நீங்கிக் கண்ணாடிபோல் தெளியும். அதன் பிறகு பழங்களைப் போட்டு ஒரு கொதி. அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சைச் சாறு, ஒன்றரை மேசைக்கரண்டி. கொதிக்கும்போதே ஊற்றினால் அமிலம் மாவின் பிடியைத் தளர்த்திவிடும், கலவை இளகும். ஆறியபின் நாக்கில் வைத்துப் பாருங்கள். தனியாகச் சாப்பிட்டால் கொஞ்சம் அதிகப் புளிப்பு என்று தோன்ற வேண்டும். அதுதான் பதம்.

சாராயம் சேர்க்கலாமா என்ற கேள்வி இந்த இடத்தில் வரும். சேர்ப்பவர்கள், 100 மில்லி செர்ரிச் சாற்றில் ஒரு கரண்டி சர்க்கரையும் மூன்று மேசைக்கரண்டி கிர்ஷ்வாஸரும் கலந்து கேக்கை நனைக்கத் தனியே வைத்துக்கொள்ளலாம். சேர்க்காத வீடுகளில் சாற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்போது ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருக்கும். கிர்ஷ்வாஸரில் ஒரு மெல்லிய கசப்புப் பாதாம் மணம் உண்டு. செர்ரியைக் கொட்டையோடு புளிக்கவைப்பதால் வருவது அது. அதனால் சாற்றில் ஒரே ஒரு சொட்டு பாதாம் எசென்ஸ் விடுங்கள். குறைந்த இடம் நிரம்பிவிடும். இரண்டு சொட்டுக்கு மேல் போனால் மருந்து வாசம் அடிக்கும்.

அடுத்து ஸ்பாஞ்ச். 4 முட்டை, 120 கிராம் சர்க்கரை, 90 கிராம் மைதா, 30 கிராம் சர்க்கரை சேர்க்காத கோகோ பவுடர், 30 கிராம் உருக்கிய வெண்ணெய். 20 சென்டிமீட்டர் டின். முட்டையையும் சர்க்கரையையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல், அடி தண்ணீரில் படாமல் வைத்து, விரல் பொறுக்கும் சூடு வரும்வரை கலக்குங்கள். பிறகு இறக்கி பீட்டரால் பத்து நிமிடம் அடியுங்கள். பீட்டரைத் தூக்கினால் கலவை நாடாபோல் விழுந்து, மேலேயே சில நொடிகள் அழியாமல் கிடக்க வேண்டும். இதில் பேக்கிங் பவுடர் கிடையாது. உள்ளே அடைபட்ட காற்றுதான் கேக்கை எழுப்புகிறது. கோகோவில் கொழுப்பு இருக்கிறது, அது நுரையை உடைக்கும். ஆகவே மைதாவோடு சேர்த்து இரண்டு முறை சலித்து, மூன்று தவணையாகத் தூவி, அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிக் கலக்க வேண்டும். வெண்ணெயை நேராக ஊற்றினால் அடியில் போய்த் தங்கும். ஒரு கரண்டி மாவில் கலந்து பிறகு மொத்தத்தில் சேருங்கள். 175 டிகிரியில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வேகும். முதல் இருபது நிமிடம் ஓவனைத் திறக்கக் கூடாது. முட்டை சேராத வீட்டில் தயிரும் சோடா உப்பும் போட்டுச் செய்யும் சாக்லேட் கேக்கே போதும். மற்ற எதுவும் மாறாது.

வெந்த கேக்கை அன்றே அறுக்காதீர்கள். ஆறியதும் சுற்றி வைத்துவிட்டு மறுநாள் அறுத்தால் உதிராமல் மூன்று வட்டமாக வரும்.

இனி க்ரீம். வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான், அது அவர்கள் தப்பும் இல்லை. சமையலுக்கென்று அட்டைப் பெட்டியில் வரும் க்ரீமில் கொழுப்பு சுமார் 25 சதவீதம். எவ்வளவு நேரம் அடித்தாலும் அது நிற்காது. நிற்க வேண்டுமானால் குறைந்தது 30, நிம்மதியாக நிற்க 35 சதவீதம் வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பேக்கரிகளில் அடிக்கும் க்ரீம் பெரும்பாலும் தாவர எண்ணெயில் செய்தது, முன்கூட்டியே இனிப்பு ஏற்றியது. வெயிலுக்கு அது நன்றாகத் தாங்கும், ஆனால் பாலின் சுவை அதில் இல்லை. அதுதான் கிடைக்கிறது என்றால் சர்க்கரையே சேர்க்காமல், செர்ரியில் எலுமிச்சையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

க்ரீம் நிற்பதன் சூட்சுமம் குளிர்தான். குளிரில் கொழுப்புத் துளிகள் இறுகியிருக்கும். பீட்டர் அவற்றின் மேல்தோலைக் கிழிக்கும்போது ஒன்றோடொன்று பாதி ஒட்டி, காற்றுக் குமிழைச் சுற்றிச் சுவர் எழுப்பும். சூடாக இருந்தால் கொழுப்பு உருகி ஓடும், சுவர் எழும்பாது. அளவு மீறி அடித்தால் பாதி ஒட்டியது முழுக்க ஒட்டி வெண்ணெயாகத் திரண்டுவிடும்; தயிர் கடைந்து பழகிய கைக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 600 மில்லி க்ரீம் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் இருக்கட்டும். பாத்திரமும் பீட்டர் கம்பிகளும் கால் மணி நேரம் ஃப்ரீசரில். சென்னை, மதுரை வெயிலில் பாத்திரத்துக்கு அடியில் ஐஸ் தட்டும் வேண்டும். பொடித்த சர்க்கரை மூன்று மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். மிதமான வேகத்தில் தொடங்குங்கள். முதலில் பெரிய குமிழ், பிறகு பீட்டர் போன தடம் தெரிந்து மறையும், பிறகு மறையாது. அந்த நேரத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். தூக்கினால் நுனி லேசாகத் தலைகுனிந்து நின்றால் போதும். ஓரத்தில் ரவைபோல் தெரிந்தால் அளவு தாண்டிவிட்டது. பதற வேண்டாம், அடிக்காத க்ரீம் இரண்டு மூன்று கரண்டி ஊற்றிக் கையால் மெதுவாகக் கலந்தால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

அடுக்குவது எளிது. முதல் வட்டத்தைச் சாற்றால் நனையுங்கள், விளிம்பிலும் தாராளமாக. அதன்மேல் க்ரீமை வட்டத்துக்குள் வட்டமாகப் பிழிந்து, நடு இடைவெளிகளில் செர்ரிக் கலவையை நிரப்புவது ஜெர்மன் கடைகளின் முறை. க்ரீம் வரப்பாக நிற்பதால் சாறு வெளியே வழியாது. இரண்டாவது வட்டம், மறுபடி சாறு, க்ரீம். மூன்றாவதை மூடி, சுற்றிலும் மேலும் க்ரீம் பூசுங்கள். அடியில் மெல்லிய பிஸ்கட் அடுக்கு ஒன்றை ஜாம் தடவி வைப்பவர்களும் உண்டு, நனைந்த கேக்கை உடையாமல் தூக்க உதவும். முதல் தடவையே அதற்கு மெனக்கெட வேண்டாம்.

மேலே தூவ, கசப்புச் சாக்லேட் கட்டியைக் காய்கறி சீவும் பீலரால் சீவுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே சீவினால் தூளாகும். பத்து நிமிடம் வெளியில் வைத்தால் சுருளாக வரும். கையால் அள்ளாமல் கரண்டியால் தூவுங்கள். நம் விரல் சூட்டிலேயே அது உருகிவிடும்.

ஓவன் இல்லாதவர்கள் கடையில் சாக்லேட் ஸ்பாஞ்ச் வாங்கி, உதிர்த்து, கண்ணாடி டம்ளரில் கேக், சாறு, செர்ரி, க்ரீம் என்று அடுக்கலாம். இதைக் குறைந்த வேலை என்று நான் நினைக்கவில்லை. செர்ரியும் க்ரீமும் கிண்ணத்தில் சாப்பிட்ட அந்த மலைநாட்டு வழக்கத்துக்கு இதுதான் இன்னும் பக்கம். குழந்தைகளும் கூட உட்கார்ந்து அடுக்கலாம்.

எப்படிச் செய்தாலும் ஃபிரிட்ஜில் குறைந்தது ஐந்து மணி நேரம் இருக்கட்டும். சாறு கேக்கில் இறங்கவும் க்ரீம் இறுகவும் அந்த நேரம் வேண்டும். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்டுங்கள், ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி. மிஞ்சியதை மூடி வைத்தால் இரண்டு நாள் தாங்கும். ஃப்ரீசரில் மட்டும் வைக்க வேண்டாம். உறைந்து இளகும்போது செர்ரி தண்ணீர் விட்டு, கட்டிக் காத்த அடுக்கெல்லாம் நனைந்து போகும்.