தலைக்கு எத்தனை லிட்டர்?

மார்கழியும் தையும் வந்தால் நம் பக்கத்துப் பிள்ளைகள் பை கட்டிக்கொண்டு போகும் திசை மாறிவிட்டது. கொடைக்கானலும் மூணாறும் அலுத்துவிட்டன. இப்போது ராஜஸ்தானின் ஜெய்சால்மர். அங்கிருந்து சம், குரி பக்கத்து மணல்மேடுகளில் நான்கு பகல் நடை, மூன்று இரவு கூடாரம். வழிகாட்டி, ஒட்டகம், சாப்பாடு, ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கேட்கும் பாட்டு எல்லாம் சேர்த்து ஒரே தொகை. சேர்ந்து போகும் கூட்டத்தின் செல்போன்களில் ஒரு பட்டியலும் சுற்றுகிறது. கணுக்கால் மூடும் ஷூ, தலையில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், கூலிங் கிளாஸ், சன்ஸ்கிரீன், ஸ்லீப்பிங் பேக், போட்டோவுக்காக ஒரு ராஜஸ்தானித் தலைப்பாகை. எல்லாம் வேண்டியவைதான். தண்ணீரைத்தான் காணோம். கேட்டால், "அதெல்லாம் கைடு பாத்துக்கிடுவாரு" என்கிறார்கள்.

எனக்குக் கவலை தருவது அந்தப் பதில்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குளிர்காலம் என்றாலும், நாளைக்கு ஐந்து மணி நேரம் மணலில் நடப்பவருக்குக் குடிக்க மட்டும் நான்கு லிட்டராவது வேண்டும். சமையல், டீ, வாய் கொப்பளிப்பது என்று இன்னும் ஒரு லிட்டர். பத்துப் பேர், நான்கு நாள் என்றால் 200 லிட்டர். எடையில் 200 கிலோ. ஓர் ஒட்டகம் நாள் முழுக்கச் சுமந்து நடக்கிற பாரம் ஏறத்தாழ 150 முதல் 200 கிலோ. கூடாரமும் பாத்திரமும் மாவும் ஏற்றுவதற்கு முன்பே தண்ணீருக்கென்று ஒன்றிரண்டு ஒட்டகம் போய்விடும். இல்லாவிட்டால் தினமும் ஒரு ஜீப் சொன்ன இடத்துக்கு வந்து கேன் இறக்கிவிட்டுப் போக வேண்டும். வழியில் கிணறு இருக்கும் என்று நம்பிப் போவதும் ஆபத்து. மேற்கு ராஜஸ்தானில் பல கிணறுகளின் தண்ணீர் உப்புக் கரிக்கும். இந்தக் கணக்கை யார் போட்டார், எதில் ஏற்றினார் என்று தெரியாமல் ரயில் ஏறுகிறவர் என்ன வாங்கிக் கட்டியிருந்தாலும் தயாராகவில்லை என்றே சொல்வேன்.

ஆற்றங்கரைப் பழக்கம்

ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களுக்கு இதைக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு நம் ஊரில். வடகால் ஒரு பக்கம், தென்கால் ஒரு பக்கம், நடுவே வாழையும் நெல்லும். கோடையில் குடத்தை வரிசையில் வைத்தாலும், இன்று மாலைக்குள் குடிக்க இத்தனை மடக்குதான் மிச்சம் என்று எண்ணிப் பார்க்கும் நிலை இங்கே பிறந்து வளர்ந்தவருக்கு வந்திருக்காது. தாகம் எடுத்தால் குடிப்பது என்பதே நம் பழக்கம். பாலையில் தாகம் எடுத்த பிறகு குடிப்பவர் ஏற்கெனவே பின்தங்கிவிட்டார்.

ஆனால் பழகிக்கொள்ள வேண்டிய மணலும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தென்காலைத் தாண்டி, கடம்பாகுளத்துப் பச்சையை விட்டு, நாசரேத் வழியாகக் காயாமொழிப் பக்கம் போனால் மண் சிவக்கிறது. வயல் முடிந்து பனை, பனைக்குக் கீழே முந்திரியும் உடைமரமும், அப்புறம் வெறும் செம்மணல் மேடு. குதிரைமொழித் தேரி. மணல் துகள் மேல் படிந்த இரும்புத் துருதான் அந்தச் சிவப்பு. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் மேடுகள் உருமாறும். இந்தத் தேரிகளில் கற்கால மனிதர்கள் முகாம் போட்டுத் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போன சின்னஞ்சிறு கற்கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்சின் என்ற இரு அறிஞர்கள் 1956-லேயே எழுதினார்கள்.  

தேரி பாலைவனமே இல்லை என்று புவியியல் படித்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஜெய்சால்மரில் ஆண்டு முழுக்கப் பெய்வதைப் போல மூன்று மடங்கு மழை இங்கே பெய்கிறது. பெய்த மழையை மணல் குடித்து அடியில் வைத்துக்கொள்கிறது. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆனால் காலுக்கு மணல் எங்கேயும் மணல்தான். கட்டாந்தரையில் நடப்பதைவிட மணலில் நடக்க இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள். ரோட்டில் 20 கிலோமீட்டர் நடப்பவர் தேரியில் எட்டு கிலோமீட்டர் நடந்து பார்த்துவிட்டு ஜெய்சால்மருக்கு டிக்கெட் எடுக்கலாம். குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு. உள்ளே போகவும் தங்கவும் அனுமதி வேண்டும். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலைச் சுற்றிய மணல் பாதைகளே பயிற்சிக்குப் போதும்.

தேரியில் பழகியவர்களையும் தார் பாலைவனம் ஏமாற்றும் ஓர் இடம் உண்டு. நம்முடையது கடலோரக் காற்று. திருச்செந்தூர் கடலின் ஈரம் தேரி வரைக்கும் வருகிறது. வியர்வை உலராமல் வழிகிறது, சட்டை முதுகோடு ஒட்டுகிறது. உடம்பிலிருந்து தண்ணீர் போவது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் குடிக்கிறோம். ராஜஸ்தானில் காற்று வறண்டது. வியர்த்த நொடியே உலர்ந்துவிடும். சட்டை காய்ந்தே இருக்கும். டிசம்பர் வெயில் இதமாகவும் இருக்கும். "எனக்கு வேர்க்கவே இல்லயே" என்று பாட்டிலைத் திறக்காமல் நடப்பவர் மூன்றாவது மணி நேரத்தில் தலைவலி என்று உட்கார்ந்துவிடுவார். மாலையில் சட்டையின் கக்கத்திலும் முதுகிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைப் பார்த்தால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும்.

ஆகவே ஊரிலேயே அளந்து பாருங்கள். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு எடை பாருங்கள். இரண்டு லிட்டர் தண்ணீரோடு மூன்று மணி நேரம் மணலில் நடந்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடை பாருங்கள். நடக்கும்போது எவ்வளவு குடித்தீர்கள் என்பதைக் குறையும் எடையோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு கிலோ என்றால் ஒரு லிட்டர். அதுதான் உங்கள் உடம்பின் செலவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 1.2 கிலோ குறைந்தாலே நடையும் நிதானமும் தளரத் தொடங்கும். என் கணக்கு உங்களுக்குப் பொருந்த வேண்டியதில்லை. உங்கள் நண்பருடையதும் பொருந்தாது. அவரவர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

இந்த நடையைப் பத்திலிருந்து பதினான்கு நாள் விடாமல் செய்தால் வேறொரு பலனும் உண்டு. உடம்பு வெயிலுக்குப் பழகும். வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதோடு போகும் உப்பு குறையும், நெஞ்சுப் படபடப்பு தணியும். ஏ.சி. அறையில் வேலை பார்த்துவிட்டு நேராக மணலில் இறங்குபவருக்கு இது எதுவும் கிடைக்காது. பழகிவிட்டு மூன்று நான்கு வாரம் சும்மா இருந்தால் கிடைத்ததும் போய்விடும். பயணத் தேதிக்கு முந்தைய இரண்டு வாரம்தான் இதற்குச் சரியான நேரம்.

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதிலும் ஆபத்து இருக்கிறது. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், தலைசுற்றல், வாந்தி, குழப்பம் வரும். பார்ப்பவர்கள் தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். ஆளுக்கு நாளைக்கு இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். அது தீர்ந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்கலாம். கொறிக்க உப்புக்கடலை, ஊறவைத்துத் தின்ன அவல், ஒரு வட்டு உடன்குடிக் கருப்பட்டி. ராத்திரிக் குளிரில் சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்டு ஒரு காப்பி வைத்தால் கூட வந்தவர்கள் ஊர்ப் பேரைக் கேட்பார்கள்.

பாதயாத்திரை சொல்லித்தருவது

வழிகாட்டியோடு பல நாள் நடப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. தைப்பூசத்துக்குப் பச்சை வேட்டியோடு திருச்செந்தூருக்கு நடக்கும் கூட்டம் ஆண்டுதோறும் நம் ஊர் வழியாக ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று போகிறது. அதில் பழம் தின்று கொட்டை போட்டவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். முதல் நாள் வேகம் காட்டாதே என்பார்கள். நடை மெதுவான ஆளை முன்னால் விட்டு மற்றவர்கள் அவர் பின்னால் போக வேண்டும் என்பார்கள். கால் விரலிடுக்கில் எண்ணெய் தடவு, சூடு கண்டவுடனே நின்று பார், கொப்புளம் வந்தபின் பார்க்காதே, வந்த கொப்புளத்தைப் பிய்க்காதே என்பார்கள். புது ஷூவை மாட்டிக்கொண்டு மணலில் இறங்கத் தயாராகும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் அந்தப் பாதையில் மைலுக்கு ஒரு மோர்ப்பந்தல் இருக்கிறது, பின்னாலேயே தண்ணீர் கேனோடு வேன் வருகிறது. கால்களுக்குப் பயிற்சி கிடைக்கும், தண்ணீரை எண்ணிக் குடிக்கும் பயிற்சி கிடைக்காது.

நேரக் கணக்குக்குப் பனையேறிகளைப் பார்க்க வேண்டும். விடியுமுன் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கி, மறுபடி பொழுது சாயும்போதுதான் மரத்தைத் தொடுவார்கள். "ஏல, வெயில் ஏறுமுன்ன மணல விட்டு எறங்கிரு" என்று பிள்ளைகளை விரட்டாத பெரியவர் தேரிக்காட்டில் இல்லை. வளைகுடாவுக்குப் போய்வந்த நம் ஊர் அண்ணாச்சிகளுக்கும் இது தெரியும். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கத் தடை. குளிர்காலமானாலும் மதியம் மூன்று மணி நேரம் நிழலில் படுக்க வைக்காத நடைத் திட்டம் நல்ல திட்டம் இல்லை.

குளிரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஸ்வெட்டரே வாங்காத நம் ஊர்க்காரர்களுக்குத் தார் பாலையின் ஜனவரி இரவு அதிர்ச்சி தரும், கம்பளியும் காதுமூடும் தொப்பியும் போதும். பாம்பு என்றால் சுருட்டை. இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு. காலையில் ஷூவைத் தட்டாமல் போடாதீர்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் ஒதுங்கப் போகாதீர்கள். ராஜஸ்தான் சுருட்டையின் விஷத்துக்கு நம் நாட்டு முறிவு மருந்து எதிர்பார்த்த அளவு வேலை செய்வதில்லை என்று ஆய்வுகள் சொல்லியிருப்பதால், கடிபடாமல் இருப்பதே மருத்துவம்.

அதிகமான தண்ணீரும் ஒரு அபாயம். 2006 ஆகஸ்டில் தார் பாலையின் நடுவே பார்மர் மாவட்டத்து கவாஸ் பகுதியை வெள்ளம் மூழ்கடித்தது. நமக்கு அதைப் புரிந்துகொள்ள அதிக தூரம் போக வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அந்த ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் நம் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில்தான் நின்றுபோனது. ஏறத்தாழ 800 பயணிகள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளம், குடிக்கத் தண்ணீர் இல்லை. ஊர் ஜனங்கள் சமைத்துப் போட்டுத்தான் பலர் அந்த நேரத்தைக் கடந்தார்கள். பயணத் திட்டத்தில் இல்லாத ஒரு நாளுக்கும் தண்ணீர் வேண்டும் என்பதை இந்த ஊரில் பார்த்த பிறகும் நாம் பாட்டிலை எண்ணாமல் கிளம்பலாமா?

அந்த ஒரு நாள் கைமீறினால் என்ன ஆகும் என்பதற்கு மொராக்கோவில் ஒரு உதாரணம் இருக்கிறது. 1994-ல் சஹாரா மணலில் நடந்த நெடுந்தூர ஓட்டப்பந்தயத்தில் மாரோ ப்ரோஸ்பெரி என்ற இத்தாலியர் மணற்புயலில் வழி தவறினார். புயலில் நிற்காமல் தொடர்ந்து போனதுதான் தவறு. ஒன்பது நாளுக்கு மேல் அலைந்து, தன் சிறுநீரையும் வௌவால் ரத்தத்தையும் குடித்து, பக்கத்து நாடான அல்ஜீரியாவில் போய்ச் சேர்ந்தார். அவர் பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர். புயல் வந்தால் உட்கார வேண்டும், வழிகாட்டி கண்ணில் படவில்லை என்றால் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது என்பதைக் குழுவில் கடைசி ஆள் வரைக்கும் கிளம்புமுன் சொல்லி வைக்க வேண்டும்.

வழிகாட்டிகளுக்கு அவர்கள் மணல் தெரியும், வாடிக்கையாளரை இப்படிப் பயமுறுத்தினால் அவர்கள் பிழைப்பு என்னாவது என்று கேட்பவர்களும் உண்டு. பெரும்பாலான வழிகாட்டிகள் நல்லவர்களே. ஆனால் 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகளே வந்தன. உயிர் போன பிறகு விதி வந்து யாருக்கு என்ன பயன்? விதி வரும்வரை காத்திராமல், பணம் கட்டுகிற நாமே கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

முன்பணம் அனுப்புவதற்கு முன் ஒரு போன் போடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், அது எதில் வருகிறது, அடுத்து எங்கே நிரப்புவீர்கள், ஜீப் வராவிட்டால் கையிருப்பு எத்தனை நாளைக்கு, ஒருவர் மயங்கி விழுந்தால் மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம், திரும்பிவிடலாம் என்று முடிவெடுப்பவர் யார் என்று கேளுங்கள். பதில் லிட்டரிலும் மணியிலும் வர வேண்டும். "கவலப்படாதீங்க, எல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்று மட்டும் வந்தால் அவர்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள்.