ஈரடி, மூவடி, நாலடி

ஒசூரில் தொழிற்சாலைப் பேருந்துக்காகக் காத்திருப்போரிடையே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே உரையாடலுக்குள் வந்துபோகும். இப்பகுதியில் பொருளியல் கற்பித்த ஆண்டுகளில் என் வகுப்பறையும் அவ்வாறே இருந்தது. ஒருநாள் கடன் குறித்து விளக்கிக்கொண்டிருந்தேன். கன்னடம் பேசும் வீட்டு மாணவர் ஒருவர் தயங்கி எழுந்து, சர்வக்ஞர் பாடல் ஒன்றைச் சொன்னார். கடன் வாங்கும்போதுள்ள இன்பத்தையும், கொடுத்தவர் வந்து கேட்கும்போதுள்ள வேதனையையும் எதிரெதிரே நிறுத்தும் பாடல் அது. என் அரைமணி நேர விளக்கம் மூன்றே அடிகளில் முடிந்தது. "பாட்டி சொல்வது சார், பாடத்தில் இல்லை" என்று சொல்லி அமர்ந்துவிட்டார்.

பாவின் வடிவம் சிக்கனத்தின் கருவி என்பதை அன்று உணர்ந்தேன். இம்மூன்று மொழிகளும் நீதி சொல்ல மூன்று அளவுகளைத் தேர்ந்துள்ளன.

தமிழின் குறள் வெண்பா ஈரடி. முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று. மொத்தம் ஏழே சீர். வெண்டளை பிறழக்கூடாது. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாக அமையவேண்டும். இவ்வளவு நெருக்கடியில் வள்ளுவர் தம் பெயரை எங்கும் வைக்கவில்லை.

கன்னடத் திரிபதி மூவடி. ஏறத்தாழ கி.பி. 700ஐச் சேர்ந்த பாதாமி கப்பெ அரபட்டன் கல்வெட்டிலேயே அது காணப்படுகிறது. திரிகை சுற்றும் பெண்களின் பாட்டிலும் அவ்வடிவம் வாழ்கிறது. சர்வக்ஞர் ஈற்றில் தம் பெயரைப் பொறிப்பார்.

தெலுங்கில் வேமனர் பெரிதும் கையாண்ட ஆடவெலதி நாலடி. நான்காமடி பெரும்பாலும் வேமனரை விளிக்கும் முத்திரை; ஆகவே செய்திக்கு எஞ்சுவது மூன்றடியே. பல பாடல்களில் முதலிரண்டு அடிகள் அன்றாடக் காட்சி ஒன்றைக் காட்ட, மூன்றாமடி நீதியை உரைக்கும்.

பெங்களூரு அல்சூரில் 1991 முதல் மூடப்பட்டிருந்த திருவள்ளுவர் சிலை, 18 ஆண்டுகளுக்குப்பின் 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. அதே மாதம் 13ஆம் நாள் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. சிலைகள் எல்லை கடந்தன. பாக்கள் இன்னும் கடக்கவில்லை.

நம் பள்ளிகளில் யாப்பு என்பது அலகிட்டு மதிப்பெண் பெறும் பகுதியாகச் சுருங்கிவிட்டது. ஒசூர், கிருஷ்ணகிரி வகுப்பறைகளிலேனும் கடன், சினம், நட்பு என ஒரு பொருளை எடுத்து, மூன்று வடிவங்களையும் அருகருகே வைத்துக் கற்பிக்கலாம். இதற்குத் தனி நிதி வேண்டியதில்லை. பாடல்கள் மாணவர் வீடுகளிலேயே உள்ளன. குறளின் ஏழு சீர் எவ்வளவு அரிய கட்டுமானம் என்பது திரிபதியின் பக்கத்தில் வைக்கும்போதுதான் துலங்கும். தன் பாட்டியின் பாட்டைச் சொல்ல ஒரு மாணவர் தயங்கவேண்டிய நிலையும் மாறும்.