பட்டம் இல்லாத பேராசிரியர்

டாக்காவில் 1921இல்தான் பல்கலைக் கழகம் தோன்றிற்று. அங்கே பணியாற்றிய முப்பது வயது ஆசிரியர் ஒருவர், 1924 ஜூன் 4ஆம் நாள் பெர்லினுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதியவர் சத்யேந்திரநாத் போஸ். பெற்றவரோ, உலகமே வியந்து நின்ற ஐன்ஸ்டீன்!

என்ன கேட்டார்? பதவியா? பண உதவியா? இரண்டுமல்ல. உடன் அனுப்பிய கட்டுரைக்குத் தகுதி உண்டென்று கருதினால் அதை வெளியிட உதவ வேண்டும்; அதை ஜெர்மனில் பெயர்க்கும் அளவுக்குத் தமக்கு அம்மொழி தெரியாது என்றார். ஐன்ஸ்டீன் தாமே மொழிபெயர்த்து வெளியிட்டார்.

அப்படி என்ன இருந்தது அதிலே? இரண்டு நாணயங்களைச் சுண்டுங்கள். தலை-தலை, பூ-பூ, தலை-பூ, பூ-தலை என நான்கு வகையாக விழலாம். இரண்டுமே தலையாக விழும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆனால் இது முதல் நாணயம், அது இரண்டாவது என்று பிரித்தறியவே வழியில்லை என்றால்? கடைசி இரண்டும் ஒன்றாகிவிடும், வகை மூன்றே! வாய்ப்பும் மூன்றில் ஒன்றாகிவிடும். நம் சட்டைப் பையிலுள்ள நாணயத்துக்கு இது பொருந்தாது. ஒளித் துகளுக்குப் பொருந்தும். இந்த எண்ணும் முறையால்தான், 1900இல் மாக்ஸ் பிளாங்க் கண்ட கதிர்வீச்சு விதியை, பழைய இயற்பியலிடம் கடன் வாங்காமலே போஸ் வருவித்துக் காட்டினார்.

ஐரோப்பாவில் ஈராண்டு இருந்து 1926இல் திரும்பினார். பேராசிரியர் பதவிக்கு டாக்டர் பட்டம் வேண்டுமே! 1915இல் எம்.எஸ்ஸி. தேர்வில் முதலிடம் பெற்றவர்தான். ஆனால் அந்தப் பட்டம் இல்லை. ஐன்ஸ்டீனின் பரிந்துரை வந்தது, பதவியும் கிடைத்தது. போஸின் அறிவுக்கு ஐன்ஸ்டீன் சான்றிதழ் தர வேண்டியிருந்தது என்றால், சிரிப்பதா, சினப்பதா?

நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. அவர் பெயரும் ஐன்ஸ்டீன் பெயரும் தாங்கிய புதிய பொருள்நிலையை 1995இல் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய மூவருக்கு 2001இல் அது கிடைத்தது. துகள்களில் ஓர் இனத்துக்கே ‘போஸான்’ என்று டிராக் பெயரிட்டாரே, அதைவிடவா பரிசு பெரிது!

1948இல் கல்கத்தாவில் வங்க விஞ்ஞானப் பேரவையை நிறுவினார். வங்க மொழியிலே விஞ்ஞானம் பரப்ப ‘ஞானமும் விஞ்ஞானமும்’ என்னும் இதழும் பிறந்தது. அந்த மொழியில் இயற்பியல் எழுத முடியுமா என்று ஐயுற்றவர்கள் இருந்தார்கள். ஆங்கிலம் அறியாமலா அந்த வேலைக்கு வந்தார் போஸ்? மேகநாத சாகாவோடு சேர்ந்து ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை 1920இல் ஆங்கிலத்தில் தந்தவரே அவர்தாம்! 1974 பிப்ரவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய இதழ் அதன் பிறகும் வந்தது.