அட்டை சொல்வதும் மூட்டை சொல்வதும்

மருத்துவரிடம் போகிறான் ஒரு நோயாளி. நாடி பார்த்து, குருதியைச் சோதித்து, "உப்பைக் குறை அப்பா, இல்லையேல் உயிருக்கு ஆபத்து" என்று சீட்டு எழுதித் தருகிறார் மருத்துவர். சீட்டோடு வெளியே வருகிறான். வாசலிலேயே கடை. அந்தக் கடையில் உப்பு மட்டும் மலிவு. மற்றதெல்லாம் மலை விலை! மருத்துவமனைக்கும் கடைக்கும் முதலாளி ஒருவரே!

மேடையில் நாம் இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரிக்க வேண்டாம், தோழர்களே! நாட்டு உழவன் கையில் இருப்பது அந்தச் சீட்டு. அவன் எதிரே இருப்பது அந்தக் கடை. சீட்டின் பெயர் மண்வள அட்டை. கடையில் மலிவாகக் கிடைக்கும் உப்பின் பெயர் யூரியா.

2015ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள், இராசத்தான் மாநிலத்துச் சூரத்கரில், மண்வள அட்டைத் திட்டத்தைப் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். வயலில் பல இடங்களில் ஒரு சாண் அளவுக்குக் குழி வெட்டி, மண்ணைச் சுரண்டி, ஒன்றாகக் கலந்து, கடைசியில் அரைக் கிலோவைச் சோதனைச் சாலைக்கு அனுப்புகிறார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், இவற்றோடு கார அமிலநிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து ஆகப் பன்னிரண்டையும் சோதித்து, இன்ன உரம் இவ்வளவு போடு என்று எழுதித் தருகிறார்கள். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் 24 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் வழங்கப்பட்டன.

நல்ல திட்டம். மாற்றார் செய்தது என்பதற்காக நல்லதை நஞ்சென்று பேசும் பழக்கம் நமக்கில்லை. ஆனால் நல்ல திட்டம் நாற்றங்கால் வரைக்கும் வந்து சேர்ந்ததா? அதைத்தான் கேட்கிறோம்.

காவிரிப் படுகையின் சிற்றூர் ஒன்றில் வரப்போரம் நின்ற பெரியவரைக் கேட்டோம். அறுபதைத் தாண்டியவர். இரண்டு ஏக்கர் குத்தகை.

"ஐயா, மண்வள அட்டை வாங்கினீர்களா?"

"அட்டையா? நிலம் யார் பேருல இருக்கோ அவங்க வீட்டுல இருக்கும் தம்பி. நமக்கு எங்க?"

"யூரியா எவ்வளவு போடுகிறீர்கள்?"

"பச்சை கட்டுற வரைக்கும் போடுவோம். பக்கத்து வயலு கருகருன்னு நிக்கயில நம்ம வயலு வெளிறிக் கிடந்தா மனசு கேக்குமா?"

"டி.ஏ.பி.?"

"வெலையக் கேட்டாலே வயிறு எரியுது தம்பி!"

மூன்றே பதில்கள். முழுக் கதையும் அதில் அடக்கம்.

அட்டை இருப்பவர் உழுவதில்லை; உழுபவருக்கு அட்டை இல்லை. குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற 1969இலேயே தமிழகத்தில் சட்டம் வந்தது. ஆனால் வாய்ச்சொல்லை நம்பி உழுகிறவன் அந்த ஏட்டில் ஏறுவதில்லை. ஏட்டில் இல்லாதவனுக்கு அட்டை எப்படி வரும்?

அட்டை பெற்றவர் நிலை மட்டும் என்ன? பாசன நிலத்தில் இரண்டரை எக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து எக்டேருக்கு ஒரு மாதிரி என்பதுதான் திட்டம் தொடங்கியபோது வகுத்த கணக்கு. இரண்டரை எக்டேர் என்றால் ஆறு ஏக்கருக்கும் மேல்! ஆளுக்கு ஒரு ஏக்கர் வைத்திருக்கும் ஆறு பேருக்கும் ஒரே சோதனை. ஒருவர் ஆட்டுக் கிடை போட்டவர். இன்னொருவர் எருவையே காணாதவர். அறுவருக்கும் ஒரே மருந்துச் சீட்டா?

இனி மூட்டையின் கதைக்கு வருவோம். 2010 ஏப்ரலில் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம் என்ற முறையை மத்திய அரசு கொண்டுவந்தது. மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக்கட்டு தளர்ந்தது. யூரியா மட்டும் அந்த முறைக்கு வெளியே நின்றது. விளைவு என்ன? 2010க்கு முன் 50 கிலோ டி.ஏ.பி. 467 ரூபாய் 50 காசு. 2022இல் அதுவே 1,350 ரூபாய். யூரியாவோ 2012 முதல் டன்னுக்கு 5,360 ரூபாய் என்ற விலையிலேயே நின்றது. 45 கிலோ மூட்டைக்கு, வேம்புப் பூச்சும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய்!

தழை, மணி, சாம்பல் மூன்றும் 4:2:1 என்ற அளவில் இருப்பது நலம் என்று பொதுக்கணக்குச் சொல்வார்கள். அட்டை சமநிலை பேசுகிறது. மூட்டையோ, "என்னையே வாங்கு, என்னையே போடு" என்கிறது. இரண்டும் அரசின் குரல்தான். ஏழை எந்தக் குரலைக் கேட்பான்? மடியில் இருக்கும் காசு எதைக் கேட்கச் சொல்கிறதோ அதைத்தானே கேட்பான்!

தழைச்சத்து மிஞ்சினால் பயிர் கொழுக்கும். தண்டு மெலிந்து காற்றுக்குச் சாயும். புகையான் வரும், இலைச்சுருட்டுப் புழு வரும். அவற்றைக் கொல்ல மருந்து, மருந்துக்குக் கடன்! போட்டதில் பயிர் எடுத்தது போக மீதி காற்றோடு போகிறது; நிலத்தடி நீரில் இறங்குகிறது. ஆண்டுக்கு ஆண்டு மண்ணிலிருந்து எடுத்த சாம்பல்சத்தும் துத்தநாகமும் திரும்ப வருவதில்லை. பச்சை கண்ணுக்குத் தெரிகிறது, பள்ளம் தெரிவதில்லை.

"ஆலையில் உழைக்கிற எனக்கென்ன?" என்று தோழர் ஒருவர் கேட்கலாம். உங்கள் தூக்குச்சட்டியில் இருக்கும் சோறு அந்த மண்ணில் விளைந்தது, தோழரே! அந்த மானியப் பணம் நீங்கள் வாங்கும் தீப்பெட்டி முதல் வேட்டி வரை கட்டிய வரியில் பிறந்தது. உங்கள் காசைக் கொண்டே உங்கள் அண்ணன் வயல் மெலிகிறது!

அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 14ஆம் இனம் வேளாண்மை. மண்ணுக்குப் பொறுப்பு மாநிலம். மூட்டைக்கு விலை வைப்பது டில்லி! 2023இல் பி.எம். பிரணாம் என்றொரு திட்டம் வந்தது. இரசாயன உரத்தைக் குறைத்து மாநிலம் மிச்சப்படுத்தும் மானியத்தில் பாதி மாநிலத்துக்கே என்றார்கள். நோக்கம் சரி. ஆனால் குறைப்பதற்குத் தடையாய் நிற்கும் விலையை யார் திருத்துவது?

அதற்காக உரமே நஞ்சு, ஒரே நாளில் ஒழிப்போம் என்று கிளம்புவதும் அறிவாகாது. அண்டை இலங்கையில் 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தினார்கள். நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை வாடியது, தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்ணின் கூடையும் குறைந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். பட்ட பாடு மட்டும் திரும்பவில்லை!

பகுத்தறிவு சொல்லும் பாதை நடுவே இருக்கிறது. கோவையில் 1909இல் தொடங்கிய நிலையான உரச் சோதனை வயல் அதற்குச் சான்று. ஒரே சத்தைக் கொட்டிய துண்டை விட, சமமாக உரமிட்டுத் தொழுவுரமும் சேர்த்த துண்டே மண்ணையும் விளைச்சலையும் காத்தது. "ஆடு பயிர் காட்டும், ஆவாரை கதிர் காட்டும்" என்று நம் பாட்டன் சொன்னதும் இதைத்தானே? தக்கைப்பூண்டையும் சணப்பையையும் விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் தழைச்சத்தும் சேரும், மண்ணும் பொலபொலக்கும். 2024இல் மாநில அரசு பசுந்தாள் விதைக்கு மானியம் அறிவித்தது. ஏரி குளத்து வண்டலை வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி எடுக்கவும் விதியை எளிதாக்கியது. இவை வளர வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது மூன்று.

ஒன்று, யூரியாவுக்கும் மற்ற உரங்களுக்கும் இடையே உள்ள விலைப் பள்ளத்தைப் படிப்படியாகத் தூர்க்க வேண்டும். மிச்சமாகும் மானியம் எருவாக, பசுந்தாள் விதையாக, பணமாக உழவனையே அடைய வேண்டும். அவன் தலையில் சுமை ஏற்றும் சீர்திருத்தம் நமக்கு வேண்டாம்.

இரண்டு, அட்டை பட்டாவைத் தேடிப் போகக்கூடாது. ஏர் பிடித்த கையைத் தேடிப் போக வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்காரருக்கும் அட்டை வேண்டும்.

மூன்று, அட்டையைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று போகாமல், கிராம சபையில் அதைப் படித்துக் காட்டி விளக்க வேண்டும்.

மூன்றாவதற்கு நாம் அரசை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டுமா? படிப்பகம் கண்ட இயக்கத்தார் நாம்! ஊருக்குப் போகும் தோழன் ஒவ்வொருவனும் கூரையில் செருகிக் கிடக்கும் அந்த அட்டையை எடுத்து, எழுத்தறியாத அப்பனுக்கும் அண்ணனுக்கும் படித்துச் சொல்லட்டும். அட்டை இல்லாதவர் வயலில் அரைக் கிலோ மண்ணெடுத்துச் சோதனைச் சாலைக்குக் கொண்டு போகட்டும்.

அட்டை சொல்வதையே மூட்டையும் சொல்லும் நாள் வரட்டும். வரப்போரம் நின்ற அந்தப் பெரியவர் விலையைக் கேட்டு வயிறு எரியாத நாள், அந்த நாள்தான்!