இந்திரசபை முதல் மரைக்கார் வரை

1853இல் லக்னோவில் ஆகா ஹசன் அமானத் உருதுவில் எழுதிய ‘இந்தர் சபா’ ஆடலும் பாடலுமாகவே நடக்கும் நாடகம். பார்சி நாடகக் கம்பெனிகள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயின. இந்தி எழுத்தாளர் பாரதேந்து ஹரிச்சந்திரர் அந்த இந்திரன் சபையைக் குரங்குச் சபையாக்கி ‘பந்தர் சபா’ என்று இந்தியில் கேலி எழுதினார். மூலத்தைப் பலரும் அறிந்திருந்ததால்தான் கேலியும் எடுபட்டது.

பார்சி நாடகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கொழும்புக்கும் வந்தது. அதன் மெட்டுகளில் நூர்த்தி என்ற சிங்கள இசைநாடகம் வளர்ந்தது. 1911இல் கொழும்பு மருதானையில் டவர் மண்டபம் என்ற நாடக அரங்கு எழுந்தது. தமிழ் மேடைக்கும் ஆர்மோனியம் வந்தது; பபூன் என்ற கோமாளியும் வந்து சேர்ந்தார். அரசன் உருகிப் பாடிய பாட்டைப் பபூன் வந்து குலைத்துப் பாடினால் கொட்டகை சிரிக்கும்.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனை அந்த வழியில் இல்லை. மட்டக்களப்புக்கே 1928இல்தான் ரயில் வந்தது; கல்முனை அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர், இன்றும் தண்டவாளம் இல்லாத ஊர். திரைச்சீலையும் பெட்டிகளுமாய் நகரும் கம்பெனிகளுக்கு இது எட்டாத தூரமாகவே இருந்திருக்கும். ஆனால் கேலிக்கு இங்கே குறைவில்லை. கல்யாண வீட்டில் ஆட்டம் பழக்கும் அண்ணாவியார் பாட, பொல்லடிக்காரர் கையிலுள்ள கோல்களைச் சுற்றிவந்து அடிப்பார்கள். றபான் என்ற தோற்கருவி ஒலிக்கும். கவி பாடுகிறவர் ஒருவரை வம்புக்கு இழுத்தால் மற்றவர் கவியிலேயே திருப்பிக் கொடுப்பார். கேலிக்கு ஆளானவரும் எதிரிலேயே இருந்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கம்பெனி மேடையின் கோமாளி பிறகு வானொலி வழியாக வந்தார். எழுபதுகளில் இலங்கை வானொலியின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ தொடரில் எஸ். ராம்தாஸ் மரைக்காராகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும் பேசினார்கள். 1976இல் அது ‘கோமாளிகள்’ என்று படமுமானது. முஸ்லிம் வீட்டுத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் ஒரே கூரையின் கீழ் உரசிக்கொண்டன. மரைக்காரின் பேச்சு கல்முனைப் பேச்சு அல்ல. ஆனாலும் வாப்பா, உம்மா என்று அழைக்கும் தமிழ் இலங்கை முழுக்கக் கேட்டது சின்ன விஷயமில்லை.

இன்று கல்முனைப் பையனுக்குக் கம்பெனியும் வேண்டாம், வானொலி நிலையமும் வேண்டாம். சினிமாப் பாட்டின் மெட்டில் சொந்த வரி போட்டு, தன் ஊர்த் தமிழிலேயே பாடிக் கைபேசியில் ஏற்றிவிடுகிறான். கட்டாரில் வேலை செய்யும் காக்கா, அதாவது அண்ணன், அன்றிரவே பார்க்கிறார். அன்று வானொலியில் கொழும்புக் கலைஞர்களின் வாயில் இருந்த கேலி இன்று இந்த ஊரின் வாயிலேயே இருக்கிறது; இது பெரிய வரவு. ஆனால் கவிக்கு உடனே எதிர்க்கவி கட்டும் ஆற்றலைக் கற்றுத்தர ஆட்கள் குறைந்துவருகிறார்கள். பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைப் பழக்கும் ஆசிரியர்கள், ஊரில் மிஞ்சியுள்ள அண்ணாவிமாரை ஒருநாளாவது வகுப்புக்கு அழைக்க வேண்டும்.